வெளிநாட்டு மருத்துவ ஊழியத்துக்குப் போக விரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். விடுப்பு அமைந்தபோதெல்லாம் நேபாளத்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் சம்பளம் வாங்காமல் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். அது தெரிந்ததிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று பல சபைகளிலிருந்தும் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் போன் செய்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

மருத்துவ ஊழியப் பயணம் என்று போகிறவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

மூன்று விதமாகப் போகிறார்கள். ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒன்றிரண்டு வாரம் கிராமம் கிராமமாக முகாம் நடத்துவது ஒன்று. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதமோ சில மாதங்களோ அங்குள்ள ஊழியர்களோடு ஊழியராக நிற்பது இரண்டாவது. மூன்றாவது, ஆஸ்பத்திரிக் கப்பல். 1978-ல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் அமைப்பு 'ஆப்பிரிக்கா மெர்சி', 'குளோபல் மெர்சி' என்ற கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நிறுத்தி, பிளவுபட்ட உதடு, கண்புரை, முகக்கட்டி, தீக்காயத்தால் ஒட்டிப்போன கை போன்றவற்றுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறது. கப்பலில் சமைக்கிறவர் முதல் சர்ஜன் வரை தன்னார்வலர்கள்தான்.

யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது இரண்டாவது வழியைத்தான். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

இரண்டு வாரம் போய்விட்டு வந்தால் பயன் உண்டா?

உண்டு, அங்கே இருக்கிறவர்கள் கேட்டுப் போனால். நாமே முடிவு செய்துகொண்டு போனால் பல நேரம் தொந்தரவுதான்.

இதைச் சொல்ல நம் ஊர்க்காரர்களுக்குத் தனி உரிமை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ உதவி வந்தது, நன்றியோடு வாங்கிக்கொண்டோம். ஆனால் யாரும் உடுத்த முடியாத பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்ததையும் பார்த்தோம். அனுப்பியவர்களின் மனதில் அன்பு இருந்தது. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். வாங்கும் இடத்தில் நின்ற அனுபவம் நமக்கு இருக்கிறது. கொடுக்கும் இடத்துக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கென்யாவில் ஒரு கிராம முகாமில் ஒரு பாட்டி வந்தார். தோளில் போட்டிருந்த துணியின் முனையை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அம்லோடிபின் 5 மி.கி., ரத்தக்கொதிப்பு மாத்திரை. எல்லாக் குழிகளும் காலி. முன்பு வந்த ஒரு குழு ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. தீர்ந்ததும் எங்கே வாங்குவது, யாரிடம் காட்டுவது என்று சொல்லவில்லை. மறுபடி அதே ஆட்கள் வருவார்கள் என்று நம்பி அந்தக் காலி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அன்று அவருடைய அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது. எங்களோடு வந்திருந்த உள்ளூர்க் கிளினிக் ஊழியர்தான் அவர் பெயரைத் தன் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை எந்த நாளில் எங்கே வரவேண்டும் என்று அவர் மொழியிலேயே சொல்லி அனுப்பினார். அந்த நாளில் நடந்த உருப்படியான வைத்தியம் அந்த நோட்டில் எழுதியதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். அவன் அதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான், பணம் கொடுத்தான், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். நம் பயணத்தில் அந்தச் சத்திரக்காரன் யார்? இந்தக் கேள்விக்குப் பெயர், ஊரோடு பதில் சொல்ல முடியாத பயணத்துக்குப் போகாதீர்கள்.

அறுவை சிகிச்சை என்றால் இது இன்னும் கறாராகப் பொருந்தும். கிளம்புவதற்கு முந்தின நாள் பெரிய கேஸ் எடுக்கிற குழுவோடு போகவே வேண்டாம். தையல் பிரிவதும் சீழ் வைப்பதும் நாம் விமானம் ஏறிய பிறகுதான்.

டாக்டரும் நர்ஸும் மட்டும்தான் போகலாமா?

இல்லை. லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், மயக்க மருந்து டெக்னீஷியன், கணக்கு பார்க்கிறவர், எலக்ட்ரீஷியன், எல்லாருக்கும் வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால், பல இடங்களில் முதலில் தேவைப்படுகிறவர் மெஷின் பழுது பார்க்கத் தெரிந்தவர்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பயோமெடிக்கல் டெக்னீஷியன் எங்களோடு வந்திருந்தார். வார்டு மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் வடிகட்டி முழுக்கச் செம்மண் தூசி. கழுவி, காயவைத்து, திரும்பப் பொருத்தினார். இன்னொன்றில் ஃபியூஸ் மட்டும் போயிருந்தது. அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது வேறு: அங்குள்ள பையன் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்த மெஷினை அவர் கையாலேயே திறக்க வைத்தார். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்பதை அந்தப் பையன் ஸ்வாஹிலியில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அக்கா, நான் நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். நான் வரலாமா?

பார்க்க வரலாம்மா. இங்கே உன்னைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யக் கூடாது. 'அங்கே கை பழகிக்கலாம்' என்று சீனியர்கள் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஏழையின் உடம்பு யாருக்கும் பயிற்சிக்கூடம் கிடையாது. படிப்பை முடித்து, நல்ல வார்டில் இரண்டு வருஷமாவது வேலை பார்த்துவிட்டுப் போனால் உன்னால் அவர்களுக்கும் உதவி, அவர்களால் உனக்கும் படிப்பு.

எந்த ஆஸ்பத்திரிகளுக்கு எழுதலாம்?

பழமையான, உள்ளூர்த் திருச்சபையோ உள்ளூர் நிர்வாகமோ நடத்தும் இடங்களாகப் பாருங்கள். நேபாளத்தில் யுனைடெட் மிஷன் டு நேபாள் 1954-லிருந்து இருக்கிறது. தான்சேன், ஒகல்துங்கா ஆஸ்பத்திரிகள் அதைச் சேர்ந்தவை. கென்யாவில் 1915-ல் தொடங்கிய கிஜாபே ஆஸ்பத்திரி, பொமெட் பக்கம் டென்வெக் ஆஸ்பத்திரி. உகாண்டாவின் கம்பாலாவில் 1897-ல் டாக்டர் ஆல்பர்ட் குக் தொடங்கிய மெங்கோ ஆஸ்பத்திரி. நேரடியாக எழுதத் தயக்கமாக இருந்தால், இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்திடமோ, கத்தோலிக்கர்கள் 1943-ல் தொடங்கிய இந்தியக் கத்தோலிக்கச் சுகாதாரச் சங்கத்திடமோ முதலில் விசாரிக்கலாம்.

எழுதும்போது 'நான் வந்தால் என்ன செய்யட்டும்?' என்று கேளுங்கள். 'உங்களுக்கு இப்போது யார் தேவை, எந்த மாதத்தில் ஆள் குறைவு?' என்று கேட்டால் இன்னும் நல்லது. 'இப்போது வேண்டாம்' என்று பதில் வந்தால் அந்த ஆஸ்பத்திரியை நம்பலாம். தேதி கூடக் கேட்காமல் எல்லாரையும் வா வா என்று அழைக்கிற இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இங்கிலீஷ் சரளமாக வராது. பிரச்சினையா?

ஆப்பிரிக்காவிலும் கப்பலிலும் ஊழியர்களுக்குள் இங்கிலீஷ் வேண்டும். மருந்தளவு சொல்லும்போது தடுமாறினால் ஆபத்து, அதனால் அந்த அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள். நோயாளியோடு பேச அங்கே மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி. வீட்டில் பிரெஞ்சு பேசுகிறவர்களும் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்தவர்களும் மடகாஸ்கர், செனகல், பெனின், கேமரூன் போன்ற நாடுகளுக்குப் போகலாம். பிரெஞ்சு தெரிந்த நர்ஸ் எளிதில் கிடைப்பதில்லை.

தமிழிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால் இலங்கை இருக்கிறது: யாழ்ப்பாணமும், ஹட்டன், நுவரெலியா, பதுளைத் தோட்டப்பகுதிகளும். 1847-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்றுக்கொடுத்தார். பிறகு அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, உடற்கூறு, அறுவை மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் அவரிடம் படித்தவர்கள் அங்கே வைத்தியம் பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரி அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. நம் பக்கத்துத் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து டாக்டரான ஐடா ஸ்கட்டரும் அதைத்தான் செய்தார். 1900-ல் வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்தவர் 1909-ல் நர்ஸ் பள்ளியும் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அங்கே போய் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டு பேரைத்தான் காட்டுவேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை அங்கே இருக்கும் ஒருவர் கைக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் வைத்தியம் பார்க்கலாமா?

கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்பதால் சட்டம் மாறாது. டாக்டருக்கு அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலிலும், நர்ஸுக்கு நர்ஸிங் கவுன்சிலிலும் தற்காலிகப் பதிவு வேண்டும். பட்டச் சான்று, இங்குள்ள கவுன்சில் பதிவுச் சான்று, உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை என்ற நன்னடத்தைச் சான்று எல்லாம் கேட்பார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் பதிவும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு கட்டாயம் வேண்டும். அழைக்கும் ஆஸ்பத்திரியே இந்தப் பதிவை எடுத்துத் தர முயற்சி செய்யும். 'அதெல்லாம் தேவையில்லை, சும்மா வாங்க' என்றால் போகாதீர்கள்.

அரசு ஊழியராக இருந்தால் துறையின் முன் அனுமதி இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள்.

என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத்தான் முதலில் பாருங்கள். கென்யா, உகாண்டா, கேமரூன் போன்ற நாடுகளுக்குப் போனால் இது வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் உண்டு. போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், 60-க்கு மேல் வயது என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. நர்ஸிங் படிக்கும்போது போட்டிருந்தாலும், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. டெட்டனஸ், டைஃபாய்டு இரண்டையும் சரிபாருங்கள்.

மலேரியாவுக்கு மாத்திரை. டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தியேட்டரில் நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து அங்கே எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு யார் தருவார்கள்?

பெரும்பாலும் நீங்கள்தான். டிக்கெட், விசா, பதிவுக் கட்டணம், காப்பீடு, பல இடங்களில் தங்கும் செலவும்கூட. மெர்சி ஷிப்ஸிலும் தன்னார்வலர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். சபையில் காணிக்கை எடுத்து அனுப்புவது நல்ல வழக்கம். அந்தப் பணத்துக்குத் தனி நோட்டுப் போட்டு, வந்ததும் கமிட்டியிடம் ரசீதோடு ஒப்படையுங்கள். காப்பீட்டில் அவசரமாக வேறு ஊருக்குத் தூக்கிச் செல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

வீட்டில் மீந்த மருந்துகளைச் சேர்த்து எடுத்துப் போகலாமா?

வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: அங்கே போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தோ சாம்பிளோ கூடாது, அந்த நாட்டில் பயன்பாட்டில் உள்ள மருந்தாக இருக்க வேண்டும். டிராமடால் போன்ற வலி மாத்திரையைப் பெட்டியில் வைத்துப் போனால் விமான நிலையத்திலேயே வம்பு. பணமாகக் கொடுத்தால் அங்குள்ள மருந்தகமே தேவையானதை வாங்கும். அப்போதுதான் நீங்கள் வந்த பிறகும் அதே மருந்து அங்கே கிடைக்கும்.

நோயாளிகளோடு ஜெபிக்கலாமா? சுவிசேஷம் சொல்லலாமா?

நிறையப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

வலியோடு படுத்திருப்பவர், உங்கள் கையிலிருந்து மருந்து வாங்க வேண்டியவர், உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அந்த நிலையைப் பயன்படுத்தக் கூடாது. வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பிரசங்கம் முடிந்தால்தான் சீட்டு என்று வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களாகக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் ஜெபியுங்கள். தியேட்டருக்குள் போகும் முன் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. நேபாளத்தில் 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்கும் அதற்கு முயல்வதற்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் ஆர்வத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பல ஆண்டுகளாக அங்கே இருக்கும் ஆஸ்பத்திரிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. வரலாமா?

சில அமைப்புகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்தும், போதகர் அல்லது பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கும். சில இடங்களில் நல்ல தொழிலறிவும் நல்ல மனமும் போதும். முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது?

ஸ்வெட்டர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறோம். கிஜாபே 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கடலூர் உடம்புக்குக் குளிர் தாங்காது. அப்புறம், பிளாஸ்டிக் கவரில் எதையும் சுற்றாதீர்கள். கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. நம்ம மஞ்சப்பைதான் சரி. வசதியான செருப்பு, டார்ச், சொந்த ஸ்டெத், ஊறுகாய். போதும்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?

நோயாளி முகம் வேண்டாம், குழந்தைகள் முகம் கண்டிப்பாக வேண்டாம். நம் பிள்ளையை நம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒரு வெளிநாட்டுக்காரர் படமெடுத்துப் போட்டால் சும்மா இருப்போமா? சபையில் காட்ட வேண்டுமென்றால் கட்டடத்தையும் உடன் வேலை செய்தவர்களையும், அவர்கள் சம்மதத்தோடு காட்டுங்கள்.

இப்படிப் போனால் அங்கேயே வேலை கிடைக்குமா?

நர்ஸ் பிள்ளைகள் இதைக் கேட்பதில் தப்பே இல்லை, கடன் வாங்கிப் படித்திருக்கிறீர்கள். ஆனால் இது அந்த வழி இல்லை. 'மிஷன் ட்ரிப்' என்று சொல்லிப் பணம் வாங்கி, விசிட் விசாவில் ஏற்றிவிட்டு, இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அழைப்புக் கடிதம் வந்தால் அதிலுள்ள நம்பரை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியின் சொந்த வலைத்தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். வேலைக்குப் போவதென்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள ஏஜெண்ட் மூலம் போங்கள்.

வெளிநாடு போக வசதியில்லை. வேறு வழி?

தாராளமாக இருக்கிறது. பீகாரில் நேபாள எல்லையை ஒட்டி ரக்சௌலில் டங்கன் ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கத்து ஜனங்களும் வருகிறார்கள். அதை நடத்தும் இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷனுக்கு வட இந்தியாவில் இன்னும் பல ஆஸ்பத்திரிகள் உண்டு. பாஸ்போர்ட் வேண்டாம், ரயில் டிக்கெட் போதும். இன்னும் பக்கத்தில், டேனிஷ் மிஷனரிகள் தொடங்கிய திருக்கோவிலூர் ஆஸ்பத்திரி. முதலில் இப்படி ஓர் இடத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் வெளிநாடு யோசியுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

காய்ச்சல். வந்து ஒரு வருடம் வரை எப்போது காய்ச்சல் வந்தாலும், 'ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு என்றுதான் முதலில் தேடுவார்கள். ஆப்பிரிக்காவில் வரும் ஃபால்சிபேரம் மலேரியா ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஊசி குத்தியிருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் முடியுங்கள். போன இடத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதத்துக்குள் கடிதம் எழுதி, நீங்கள் கையாண்ட நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்றும், அடுத்து ஆள் எப்போது வேண்டும் என்றும் கேளுங்கள்.